முகத்தில் அடிபட்டவரை மல்லாக்கக் கிடத்தாதீர்கள்

ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் பெரிய வீதியை விட்டு மேலே ஏறினால் எங்கள் தோட்டம். திம்புள்ளைப் பக்கத்து மலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நின்று கொழுந்து பறிப்பது ஏணியில் நின்று வேலை செய்வது மாதிரி. நான் இந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக வேலை செய்கிறேன். முதலுதவி வகுப்பில் படித்தவள் என்பதால் மலையில் யாருக்காவது அடிபட்டால் எனக்கும் ஆள் அனுப்புவார்கள்.

போன வருடம் ஆடி மாதம். விடாத மழை. பத்து மணி இருக்கும், ஒரு பையன் ஓடி வந்து, "ஆயாம்மா, கொழுந்து மலையில ஒரு அக்கா கானுக்குள்ள விழுந்துட்டாங்க, மூஞ்செல்லாம் ரத்தம்" என்றான். பிள்ளைகளை மற்ற ஆயாவிடம் விட்டுவிட்டு, சுத்தமான துவாய்கள் இரண்டை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

கூடையோடு வழுக்கி, கானோரத்துக் கருங்கல்லில் முகம் அடிபட விழுந்திருக்கிறாள். நான் போகும்போது நாலைந்து பேர் கூடி, இரட்டுச் சாக்கை விரித்து அவளை மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் அவள் எழும்ப எழும்பப் பார்க்கிறாள். ஒருவர் தோளைப் பிடித்து அமத்துகிறார். "ஆடாதம்மா, படும்மா" என்று ஒரு பெரியம்மா அழுகிறாள். அவள் தொண்டையில் கொதிக்கிற கஞ்சிப் பானை மாதிரிச் சத்தம்.

"விடுங்க, விடுங்க, உட்கார வைங்க" என்று நான் கத்தியது கீழே லயம் வரைக்கும் கேட்டதாம். நிமிர்த்தி உட்கார வைத்து, தலையை முன்னால் குனிய வைத்தேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் இரத்தத்தோடு வெற்றிலைச் சக்கையும் கிடந்தது. கண்ணுக்குத் தெரிந்ததை விரலால் வழித்து வெளியே எடுத்தேன். இரத்தம் நூலாக அவள் படங்கில் ஒழுகியது. இரண்டு மூன்று முறை இருமினாள். பிறகு மூச்சு வந்தது. அந்தச் சத்தம் நின்றது.

அவளுக்குக் கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. பிறகு அவளைப் பார்த்த வைத்தியர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "எப்படிக் கொண்டு வந்தீர்கள்?" என்பதுதான். லொறியில் உட்கார வைத்து, தலையைக் குனிந்தபடி என் தோளில் சாய்த்துக் கொண்டு வந்தோம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. காரணம் அவள் இல்லை. 2009இல் நான் மல்லாக்கக் கிடத்திய இன்னொருத்தி.

மாத்தளனில் நடந்தது

நான் பிறந்தது இதே திம்புள்ளைப் பக்கத்து லயத்தில். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் வவுனியாவுக்குப் போனது, அங்கிருந்து கிளிநொச்சிப் பக்கம். அப்படிப் போன மலைநாட்டுக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கு என்பது இதை வாசிக்கும் பலருக்குத் தெரிந்த கதை. உங்களில் சிலர் அந்தப் பிள்ளைகளாகவே இருப்பீர்கள். 2009இன் தொடக்க மாதங்களில் மற்ற எல்லோரையும் போல நாங்களும் இடம் மாறி மாறி மாத்தளன் கரைக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கே என் சித்தி மகளுக்கு முகத்தில் செல் துண்டு பட்டது. தாடை சிதைந்துவிட்டது. அவளுக்கு நினைவு இருந்தது. பங்கருக்குள் நான்தான் பக்கத்தில் இருந்தேன். காயப்பட்டவரைப் படுக்க வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவள் கையை ஊன்றி எழும்பினாள். "படு தங்கச்சி, படு" என்று நான் அமத்தினேன். திரும்பவும் எழும்பினாள். திரும்பவும் அமத்தினேன். வலியில் துடிக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் எழும்பவில்லை.

காயத்தால் போனாளா, தொண்டையில் இறங்கிய இரத்தத்தால் போனாளா என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அந்த இடத்தில் அதைச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. ஆனால் மெனிக் பாம் முகாமில் இருந்து வெளியே வந்து, 2010இல் அத்தையைத் தேடி இந்தத் தோட்டத்துக்குத் திரும்பி, சில வருடங்களுக்குப் பிறகு ஒரு முதலுதவி வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, படிப்பித்த தாதி ஒரு வசனம் சொன்னார்: "முகத்தில் அடிபட்டவர் எழும்பி உட்காரப் பார்த்தால் தடுக்காதீர்கள். மூச்சுக்காகத்தான் எழும்புகிறார்." நான் வகுப்பிலிருந்து வெளியே போய்ப் பீலியடியில் நின்றேன். அந்தத் தாதி பின்னால் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.

இதை எழுத எனக்கு இவ்வளவு காலம் ஆனது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஏன் மல்லாக்கக் கூடாது?

நாக்கின் அடிவேர் கீழ்த்தாடையின் முன்பக்க எலும்போடு சேர்ந்திருக்கிறது. அந்த எலும்பு உடைந்தால் நாக்கைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. மல்லாக்கப் படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சு வழியை மூடும். அதோடு வாயிலும் மூக்கிலும் வடிகிற இரத்தம், உடைந்த பல், கட்டுப்பல், வெற்றிலை எல்லாம் தொண்டையை நோக்கியே போகும். முகத்து இரத்தத்தைப் பார்த்துத்தான் நாம் பயப்படுகிறோம். ஆளைக் கொல்வது பெரும்பாலும் வெளியே வடிகிற இரத்தம் இல்லை, உள்ளே போய் மூச்சை அடைக்கிற இரத்தம்.

பெரிய படைகளே இதைப் பட்டுத்தான் படித்தன. முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையில் வில்லியம் கெல்சி ஃப்ரை என்ற மருத்துவ அதிகாரி இருந்தார். தாடை சிதைந்த ஒரு வீரனைத் தலையை முன்னால் குனிய வைத்தபடி அவர் முதலுதவி நிலையம் வரைக்கும் நடத்திக் கூட்டி வந்தார். அங்கே அவனை ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கக் கிடத்தினார்கள். சிறிது நேரத்தில் மூச்சு முட்டி இறந்துவிட்டான். அதற்குப் பிறகு அவர், முகக்காயம் பட்டவர்களை உட்கார வைத்து அல்லது முகம் கீழே பார்க்கும்படி கொண்டு வர வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஸ்ட்ரெச்சர் இருந்தவர்களுக்கே தெரியாமல் போன விஷயம் பங்கருக்குள் இருந்த எனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் சில நேரம் என்னையே கேட்டுக்கொள்வேன். உங்களில் யாருக்காவது என்னைப் போன்ற ஒரு நினைவு இருந்தால், நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நினைவோடு இருப்பவரை உட்கார வைத்து முன்னால் குனிய வையுங்கள். இரத்தத்தை விழுங்க விடாமல் ஒரு பேசினில் துப்பச் சொல்லுங்கள். விழுங்கினால் வாந்தி வரும், அது இன்னும் கஷ்டம். தாடை தொங்கினால் அவரே தன் கையால் ஏந்திப் பிடித்துக்கொள்ளலாம். தாடையைத் தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டுவதைச் சிலர் செய்வார்கள். வேண்டாம். வாந்தி வந்தால் வாயைத் திறக்க முடியாது.

நினைவில்லாதவரை, மூச்சு இருந்தால், ஒருக்களித்துக் கிடத்தி, வாய் நிலத்தைப் பார்க்கும்படி வையுங்கள். முகத்தில் பலமாக அடிபட்டவருக்குக் கழுத்தெலும்பிலும் அடிபட்டிருக்கலாம். அதனால் ஒருவர் தலையையும் கழுத்தையும் இரண்டு கையாலும் அசையாமல் பிடிக்க, மற்றவர்கள் உடம்பை ஒரே மரம் மாதிரிச் சேர்த்துத் திருப்ப வேண்டும். தனியாக நின்றாலும், கழுத்துக்குப் பயந்து மல்லாக்க விட்டுவிடாதீர்கள். மூச்சு முதலில். வாய்க்குள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் உள்ளே தள்ளிவிடுவீர்கள். மூச்சே இல்லை என்றால் நெஞ்சை அமுக்கி இதயத்தை இயக்கும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். அதை எழுத்தில் படிப்பது போதாது, வகுப்பில் பழக வேண்டும்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும், காசு இல்லை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுவதும் இருக்கிறது. எங்கள் தோட்டத்துப் பாதையைப் பார்த்தால் அம்பியூலன்ஸ்காரர் பாவம். அதனால் அழைத்துவிட்டு, காயப்பட்டவரைக் கவனமாகப் பெரிய வீதி வரைக்கும் இறக்கி வைப்பதுதான் எங்கள் வழக்கம். எங்கே நிற்கிறீர்கள் என்பதைத் தோட்டப் பெயர், டிவிசன், பக்கத்துக் கடை அல்லது கோயில் என்று அடையாளத்தோடு சொல்லுங்கள்.

கோப்பித்தூளும் தேயிலைத்தூளும்

முகத்தில் இரத்தக்குழாய்கள் அதிகம். சின்ன வெட்டுக்கும் கொலை நடந்த மாதிரி ஓடும். அதே காரணத்தால் முகக்காயம் மற்ற இடத்துக் காயங்களைவிடச் சீக்கிரம் ஆறும். ஆகவே பார்த்தவுடன் பதறாமல், சுத்தமான துணியை மடித்து வைத்து அமுக்குங்கள். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. வானொலியில் மூன்று பாட்டு ஓடி முடியும் வரைக்கும் கை எடுக்காதீர்கள். துணி நனைந்தால் மேலே இன்னொன்றை வைத்து அமுக்குங்கள். அமுக்கும்போது எலும்பு அசைவது போலத் தெரிந்தால் அந்த இடத்தில் அழுத்தாமல், காயத்தின் ஓரங்களில் மெதுவாகப் பிடியுங்கள். உதட்டில் வெட்டு என்றால் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் துணியை வைத்து வெளியிலிருந்தும் பிடிக்கலாம்.

குத்தி நிற்கிற பொருளைப் பிடுங்காதீர்கள். கவ்வாத்துக் குச்சியானாலும் கம்பியானாலும் அப்படியே அசையாமல் வைத்துக் கொண்டு போங்கள். அதுவே உள்ளே இரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

இனிச் சண்டைக்கு வருகிற விஷயம். எங்கள் லயத்தில் வெட்டுப்பட்டால் தேயிலைத்தூள், வன்னியில் கோப்பித்தூள், இரண்டு இடத்திலும் மஞ்சள், சுண்ணாம்பு. "எங்க பாட்டி காலத்தில் இருந்து வைக்கிறோம், யாரும் சாகலை" என்று ஒரு மாமி என்னோடு பெரிய வாதம். சாகவில்லை, சரி. ஆனால் வைத்தியசாலையில் தையல் போடும் முன் அந்தத் தூளைச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுக்க முடியாமல் தோலுக்குள் தங்கினால் கறுப்புப் புள்ளியாக முகத்தில் பச்சை குத்தின மாதிரி நின்றுவிடும். கிருமியும் சேரும். பீலித் தண்ணீரால் மண்ணைக் கழுவித் துணியை அமுக்குவதைவிடப் பெரிய மருந்து வீட்டில் இல்லை. வீக்கத்துக்கும் அதே தண்ணீரில் நனைத்த துணி போதும், எங்கள் மலைத் தண்ணீர் ஐஸ் கட்டிக்குக் குறைந்ததில்லை. மண் பட்ட காயத்துக்கு ஏற்பு ஊசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்வது நம் எல்லோருக்கும் பழக்கம். அதுவும் பிழை. குனிந்து உட்கார்ந்து, மூக்கின் எலும்புக்குக் கீழே உள்ள மெதுவான பகுதியை விரலால் பிடித்து, வாயால் மூச்சு விட வேண்டும், பத்துப் பதினைந்து நிமிடம். அரை மணிக்கும் நிற்கவில்லை என்றால் வைத்தியசாலைக்கு.

தலையில் அடிபட்ட பிறகு மூக்காலோ காதாலோ தெளிந்த தண்ணீர் மாதிரி வடிந்தால் சளி என்று நினைத்துச் சிந்தச் சொல்லாதீர்கள். மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம். பஞ்சு வைத்து அடைக்கவும் கூடாது. இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்தால், ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தால், கன்னம் மரத்துப் போனால், பற்கள் பழையபடி சேரவில்லை என்றால், வெளியே சின்னக் காயம்தானே என்று வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே எலும்பு உடைந்திருக்கலாம்.

பாலில் போட்ட பல்

கிரிக்கெட் விளையாடும்போது பந்து பட்டு ஒரு பையனுக்கு முன்பல் விழுந்தது. பன்னிரண்டு வயது, நிரந்தரப் பல். தாய் அதைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, கடதாசியில் சுற்றி, மறுநாள் கொண்டு போனாள். பல் வைத்தியர் பாவம், என்ன செய்வார்?

விழுந்த பல்லின் வேரில் உயிருள்ள மெல்லிய தோல் ஒட்டியிருக்கிறது. அது காய்ந்தால் பல் திரும்ப ஒட்டாது. வேரைத் தொடாமல், நாம் கடிக்கிற பக்கத்தைப் பிடித்துத் தூக்குங்கள். அழுக்கென்றால் பாலிலோ தண்ணீரிலோ ஒரு சில விநாடி அலசுங்கள், தேய்க்காதீர்கள். முடிந்தால் அதே குழியில் திரும்ப வைத்து, ஒரு துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பசும்பாலில் போட்டு அரை மணி, ஒரு மணிக்குள் பல் வைத்தியரிடம் போங்கள். லயத்தில் யார் வீட்டிலாவது மாடு இருக்கும். சின்னப் பிள்ளைகளின் பால்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது, அடியில் வளர்கிற பல் கெட்டுவிடும். நினைவு மயங்கியவருக்கும் வைக்கக் கூடாது.

கண்

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். பிள்ளைக்காம்பராவில் எனக்குள்ள பெரிய பயம் வெற்றிலைச் சுண்ணாம்புதான். பாட்டிமாரின் பையில் இருக்கும் சுண்ணாம்புப் பையை எடுத்துப் பிள்ளைகள் அமுக்கி விளையாடுவார்கள். வெடித்துக் கண்ணில் பட்டால் அது நெருப்பு. கண்ணின் கறுப்பு விழியை வேக வைத்துவிடும். வைத்தியசாலைக்கு ஓடுவது இரண்டாவது. முதலில் தண்ணீர், அந்த நிமிடமே. அடிபட்ட கண் கீழே வரும்படி தலையைச் சாய்த்து, இமையைப் பிரித்துப் பிடித்து, குறைந்தது இருபது நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள். கட்டியாகத் தெரிகிற சுண்ணாம்பை நனைந்த துணி முனையால் எடுத்துவிடுங்கள். பிள்ளை அழும், கத்தும். மனம் இளகி நிறுத்தாதீர்கள். புல்லுக்கு அடிக்கிற மருந்து, உரம், அசிட் எது பட்டாலும் இதே முறைதான். எண்ணெய் வேண்டாம். தாய்ப்பால் பீய்ச்சும் வழக்கமும் வேண்டாம், நேரம்தான் வீணாகும்.

கண்ணை ஏதாவது குத்திக் கிழித்திருந்தால் முறை வேறு. கழுவக் கூடாது, அமுக்கக் கூடாது, பிடுங்கக் கூடாது. சுத்தமான யோகட் கோப்பையைக் கண்ணின் மேல் கவிழ்த்து, விளிம்பு நெற்றியிலும் கன்னத்திலும் நிற்கும்படி வைத்து, மெதுவாக ஒட்டிக் கொண்டு போங்கள். கோப்பை கண்ணில் முட்டக் கூடாது.

குளவி கொட்டுவது எங்கள் மலையில் புதிய செய்தி இல்லை. முகத்தில் கொட்டினால் முதலில் மூக்குத்தியையும் தோட்டையும் கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கொடுக்கு தெரிந்தால் உடனே நகத்தால் சுரண்டித் தள்ளுங்கள். நாக்கு தடித்தால், குரல் மாறினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990. நாய் முகத்தில் கடித்தால் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். மூளைக்குப் பக்கத்துக் கடி என்பதால் விசர்நோய் சீக்கிரம் ஏறும். தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு ஊசியும் தேவைப்படும்.

தீக்காயத்துக்கும் இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீர், பற்பசை அல்ல. குப்பி விளக்கு சரிந்து முகமும் நெஞ்சும் எரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து செய்து மனம் நொந்துதான், விஜய கொடகும்புர என்ற நம் நாட்டுச் சத்திரசிகிச்சை வைத்தியர் தட்டையான பக்கங்களும் திருகு மூடியும் உள்ள, எளிதில் உருளாத குப்பி விளக்கைச் செய்தார். 1998இல் அதற்காக ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இன்று லயங்களில் மின்சாரம் வந்துவிட்டாலும் கரண்ட் போகிற இரவில் சோடாப் போத்தலில் திரி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நெருப்புப் பட்டவரின் மூக்கு மயிர் கருகி, குரல் கரகரத்தால் மூச்சுக்குழாய் உள்ளே வீங்கப் போகிறது என்று அர்த்தம்.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்"

கண்ணைச் சுற்றி நீலம், உதட்டில் வெட்டு, ஒரு கன்னம் வீக்கம். கேட்டால், கதவில் இடித்துக்கொண்டேன் என்பாள். லயத்துக் கதவு எந்த உயரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சம்பள நாளுக்கு அடுத்த நாள் பிள்ளையை விட வரும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வருகிறவர்களையும் எனக்குத் தெரியும்.

நாலு பேருக்கு முன்னால் கேட்காதீர்கள். மாமியாருக்கு முன்னாலும் கேட்காதீர்கள். தனியே கூப்பிட்டு, ஈரத்துணியைக் கையில் கொடுத்துவிட்டு, "யாராவது அடிச்சாங்களா?" என்று ஒரு தடவை கேளுங்கள். சொல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். கேட்டது அவளுக்கு ஞாபகம் இருக்கும். என்னிடம் ஒருத்தி ஏழு மாதம் கழித்து வந்து சொன்னாள்.

இந்த நாட்டில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரோ அவருக்காகப் பொலிசாரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை பதினான்கு நாள் வரைக்கும், முழுக் கட்டளை பன்னிரண்டு மாதம் வரைக்கும் இருக்கும். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். பல அரசாங்க வைத்தியசாலைகளில் நட்பு நிலையம், சிங்களத்தில் மிதுரு பியச, என்ற தனி இடம் உண்டு. எதுவும் செய்ய மனமில்லை என்றாலும், காயத்தை வைத்தியரிடம் காட்டி உள்ளதைச் சொல்லிப் பதிந்து வைத்தால் பின்னால் அது சாட்சியாக நிற்கும். சட்டம் நல்லதுதான். லயத்திலிருந்து ஹட்டனுக்குப் போய் வர ஒரு நாள் பேரும் பஸ் காசும் போகும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களா என்று எனக்குத் தெரியாது.

உள்ளே தங்கிய துண்டுகள்

இது என்னைப் போலப் போரிலிருந்து வந்த சகோதரிகளுக்கு. முகத்திலோ தலையிலோ செல் துண்டு இன்னும் இருப்பவர்கள் நம்மில் பலர். எல்லாத் துண்டையும் எடுக்கத் தேவையில்லை. சிலதை எடுப்பதுதான் ஆபத்து. ஆனால் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால், கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம். கண்ணுக்குப் பக்கத்தில் இரும்புத் துண்டு இருந்தால் அது அசைந்து பார்வையைக் கெடுத்துவிடலாம். "அது பழைய கதை, எதுக்குச் சொல்லணும்" என்று மறைக்காதீர்கள். பழைய வடு சிவந்து வீங்கினால், சீழ் வந்தால், வாய் திறப்பது குறைந்துகொண்டே போனால், வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள். தாடை, முக எலும்பு சம்பந்தமான சத்திரசிகிச்சைக்கு எங்கள் பக்கத்திலிருந்து பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். பல் வைத்தியசாலை என்றதும் பல்லுக்கு மட்டும் என்று நினைத்து நானே ஒருவரைப் போக விடாமல் வைத்திருந்தேன்.

முதலில் சொன்ன போரில், 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் ஊரில் முகக்காயம் பட்டவர்களுக்கென்றே ஒரு மருத்துவமனை திறந்தார்கள். ஹரல்ட் கில்லீஸ் என்ற வைத்தியர் அங்கே சிதைந்த முகங்களைத் திரும்பக் கட்டினார். அந்த ஊர் வீதியில் சில வாங்குகளுக்கு நீல நிறம் பூசியிருந்தார்களாம், அதில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து ஊரார் திடுக்கிடாமல் முன்னமே தயாராவதற்கு. இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. நம் ஊரில் நீல வாங்கு கிடையாது, கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார வைப்பது உண்டு.

கானில் விழுந்தவளுக்குத் தாடையில் தகடு வைத்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் கட்டியிருந்தார்கள். சில வாரம் கஞ்சித் தண்ணீரும் சூப்பும் பாலும் குழாயால்தான். வாந்தி வந்தால் என்ன செய்வது என்று அனுப்பும்போதே வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இப்போது மலைக்குப் போகிறாள். நாடியில் ஒரு கோடு இருக்கிறது. வெயில் பட்டால் வடு கறுக்கும் என்று தாதி சொன்னதால் தொப்பி போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கிறாள், மற்றவர்கள் "வெள்ளக்காரத் தொர" என்று கேலி செய்கிறார்கள்.

சம்பள நாளில் தாய்மார் பிள்ளைகளை எடுக்க வரும்போது நான் ஒருத்தியை வாசலில் உட்கார வைத்து, அடிபட்டவளாக நடிக்கச் சொல்லி, எப்படிக் குனிய வைப்பது, எப்படி ஒருக்களிப்பது என்று காட்டுவேன். அவளும் விருப்பமாக வந்து உட்காருவாள். போன மாதம் கவ்வாத்து வேலைக்காரர் இரண்டு பேர் பீடி பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்று பார்த்தார்கள். பீடியைப் போடச் சொல்லி, அவர்களையும் கூப்பிட்டுக் குனிய வைத்தோம்.